எர்னெஸ்ட் பினாங்கில் வரைந்தது ஆறே சுவரா? செந்தூல் சிங்கத்துக்குப் பதில்

லெபோ பாசார்காரன்:
நேற்று நாசி கண்டார் சாப்பாட்டைப் பற்றிய இழையில், கேஎல்காரரான (கோலாலம்பூர்) செந்தூல் சிங்கம் சம்பந்தமே இல்லாமல் நம் பினாங்குச் சுவரோவியர் எர்னெஸ்டைப் பற்றி ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். “எர்னெஸ்ட் சகாரெவிச் பினாங்கில் வரைந்தது மொத்தம் ஆறு சுவர். அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இதில் ஓயாமல் வரையும் உள்ளூர்க் கலைஞர் என்ற பட்டம் வேறு.” படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் தனி இழை.

அண்ணே, ஆறு என்று எந்தக் கணக்கில் சொன்னீர்கள்? 2012 ஜார்ஜ் டவுன் விழாவில் தொடங்கி எண்ணுவோம். லெபோ (தெரு) அர்மேனியனில் சைக்கிள் பிள்ளைகள். லெபோ ஆ குவீயில் பழைய மோட்டார்சைக்கிள். லெபோ கெனனில் நாற்காலிமேல் எக்கி நிற்கும் பையன். லெபோ முந்த்ரியில் நீல உடைச் சிறுமி. ஜாலான் பினாங்கில் ட்ரைஷாக்காரர். சியூ ஜெட்டியில் படகுப் பிள்ளைகள். ஆ குவீயில் டைனோசரைக் கயிற்றில் கட்டிப் பிடித்திருக்கும் சிறுவன். ஏழு ஆகிவிட்டதா இல்லையா?

செந்தூல் சிங்கம்:
தனி இழையே தொடங்கிவிட்டீர்களா? நல்லது. டைனோசரும் மோட்டார்சைக்கிளும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதை இரண்டாக எண்ணுவது உங்கள் ஊர்ப் பாசம். ஆறுதான்.

ஓயாமல் வரைவது என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமா? கேஎல்லில் பாசார் செனி எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, கிள்ளான் ஆற்றின் இரு கரைச் சுவர்களையும் பாருங்கள். கென்ஜி சாய் வரையும் நீல நாயைப் பார்த்திருக்கிறீர்களா? சண்டாக்கானில் பிறந்து, கேஎல்லில் வந்து வளர்ந்த கலைஞர். அப்புறம் பெயரே தெரியாத எத்தனையோ பையன்கள், கைக்காசு போட்டு ஸ்ப்ரே டின் வாங்கி, இரவில் வந்து வரைகிறார்கள். இரண்டு வாரத்தில் இன்னொருவன் வந்து அதன்மேல் வரைவான். திரும்பவும் போய் வரைவார்கள். உங்கள் ஆளுக்கு விழாக் குழு சுவரைக் காட்டி, வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அப்படி இருந்தும் ஆறு.

லெபோ பாசார்காரன்:
கென்ஜி சாயை நான் குறை சொன்னேனா? நல்ல கலைஞர். ஆனால் சண்டாக்கானில் இருந்து வந்தவர் கேஎல்லுக்கு உள்ளூர்க்காரர் ஆகலாம், லிதுவேனியாவில் இருந்து வந்து பினாங்கில் தங்கி வேலை செய்தவர் எங்களுக்கு உள்ளூர்க்காரர் ஆகக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

டைனோசருக்கு வருகிறேன். அது தனி ஓவியம். அதில் ஒரு சிறுவன் நிற்கிறான், கையில் கயிறு இருக்கிறது, கயிற்றின் மறுமுனையில் டைனோசர். மோட்டார்சைக்கிள் பையனுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஏழு.

பட்டர்வொர்த் மீனா:
எண்ணிக்கைக்கு ஏன் சண்டை? எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது லெபோ கிளாங்கில் இருக்கும் நம் இந்தியப் படகுக்காரர்தான். அந்த முகச் சுருக்கத்தைப் பார்த்தால் என் தாத்தா ஞாபகம் வரும். எர்னெஸ்ட் நம் ஆட்களையும் வரைந்திருக்கிறார் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? அதையும் சேர்த்தால் எட்டு.

லெபோ பாசார்காரன்:
மீனா தங்கச்சி, அது எர்னெஸ்ட் வரைந்தது இல்லை. ஜூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண் வரைந்தது. தெரியாமல் கணக்கில் சேர்க்காதீர்கள், எதிர்த்தரப்புக்கு வசதியாகப் போய்விடும்.

செந்தூல் சிங்கம்:
போய்விட்டது. யார் வரைந்தது என்று உங்கள் பக்கத்து ஆட்களுக்கே தெரியவில்லை. இப்படி எண்ணினால் அறுபதுகூட வரும்.

பட்டர்வொர்த் மீனா:
எடுத்துச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. யார் வரைந்தாலும் அந்தச் சுவரில் இருப்பது நம் முகம், நான் சொல்ல வந்தது அதுதான். போன வருஷம் தைப்பூசத் தங்க ரதம், வெள்ளி ரதம் பற்றிய இழையிலும் பாசார்காரர் இப்படித்தான் எல்லோருக்கும் வாத்தியார் வேலை பார்த்தார். அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு தீவுக்காரர்களுக்கு எப்போதும் உண்டு.

லெபோ பாசார்காரன்:
ரதத்தை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? தங்க ரதம் 2017ல் வந்தது என்று சொன்னேன். அது சரிதானே? இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

சுண்ணாம்புக்காரன்:
நான் பழைய கடைவீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். ஆறோ ஏழோ, எனக்கு ஒன்றுதான். அந்தச் சுவர்கள் செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. தரையில் இருந்து ஏறும் ஈரம் அந்தப் பூச்சு வழியாகத்தான் வெளியே போகும். மேலே அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வரும், பெயிண்ட் கொப்பளிக்கும், பிறகு சாந்தோடு சேர்ந்து பாளம் பாளமாக உரியும். சுரண்டி எடுத்தால் உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. 2008ல் யுனெஸ்கோ நமக்கு உலகப் பாரம்பரியப் பட்டயம் கொடுத்தது இந்தக் கட்டடங்களுக்காகத்தான். படத்துக்காக இல்லை.

லெபோ பாசார்காரன்:
ஐயா, நீங்கள் சொல்வது வேலை தெரிந்தவர் பேச்சு. ஆனால் இந்த ஊரில் அக்ரிலிக் பெயிண்டை ஓவியர் மட்டும்தானா அடித்தார்? கடைவீட்டை வாங்கிக் கஃபே ஆக்குகிறவர்கள் முன்பக்கம் முழுக்க அடிக்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்கிறீர்களா? எர்னெஸ்ட் பழைய சுவரைப் பழைய சுவராகவே விட்டு, அதன் கறையையும் விரிசலையும் சேர்த்து வரைந்தவர்.

சைக்கிள் பிள்ளைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சைக்கிள் நிஜம், துருப்பிடித்த பழைய இரும்பு. பிள்ளைகள் மட்டும் பெயிண்ட். அக்கா ஓட்டுகிறாள், தம்பி பின்னால் அவளைக் கட்டிப்பிடித்து வாய் நிறையச் சிரிக்கிறான். உருவத்தைச் சுற்றிச் சுவரை அவர் தொடவே இல்லை, உரிந்த பூச்சு அப்படியே இருக்கிறது. அதனால்தான் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சுவருக்குள்ளிருந்தே வருவதுபோல் இருக்கிறது. வெயிலும் மழையும் தொட்டுப் பார்த்த கைகளும் சேர்ந்து மங்க வைத்துவிட்டதால் 2016ல் அவரே அதைப் புதுப்பித்தார். வரைந்துவிட்டு ஓடிப்போனவர் இல்லை.

செந்தூல் சிங்கம்:
புதுப்பித்ததையும் ஒன்றாகச் சேர்த்து எட்டு என்பீர்களோ?

சுண்ணாம்புக்காரன்:
கஃபேக்காரர்களிடமும் சொல்கிறேன். சொன்னதற்காக வேலையையே இழந்திருக்கிறேன். என்னைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்கத் தேவையில்லை.

இன்னொன்று. அந்தப் படங்கள் வந்தபின் கூட்டம் வந்தது. கூட்டத்தின் பின்னால் கஃபே வந்தது. தெருவில் குடியிருந்தவர்கள் போனார்கள். ஐந்தடி நடைபாதையில் பாய் விரித்து வடகம் காயப்போட்ட வீட்டு வாசலில் இன்று ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

லெபோ பாசார்காரன்:
இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடியிருந்தவர்கள் ஓவியத்தால் போகவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்தார்களே, அது முழுசாக முடிந்தது 2000ம் ஆண்டு தொடக்கத்தில். எங்கள் குடும்பம் இருந்த கடைவீட்டுக்கு வாடகை ஒரேயடியாக ஏறி, நாங்கள் ஆயர் ஈத்தாமுக்குப் போனது அப்போதுதான். எர்னெஸ்ட் தூரிகையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. எல்லோரும் போய், பூட்டிக் கிடந்த தெருவில்தான் அவர் பிள்ளைகளை வரைந்தார். அந்தச் சுவரில் ஒரு அக்காவும் தம்பியும் சிரிப்பதை முதலில் பார்த்தபோது என் அம்மா அழுதார். இதையெல்லாம் ஆறு, ஏழு என்று எண்ணிக் கேலி செய்பவர்களுக்கு என்ன தெரியும்?

செந்தூல் சிங்கம்:
எண்ணத் தொடங்கியது நீங்கள். தலைப்பைப் படியுங்கள்.

அம்மா அழுததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஊரே கொண்டாடும் அளவுக்கு ஒருவரை மட்டும் தூக்கி வைத்தால், தினமும் வரைகிற மற்றவர்கள் எங்கே போவார்கள்? கேஎல்லில் பையன் ஒருவன் மேம்பாலத்துக்கு அடியில் வரைந்தால் நாசவேலை. பினாங்கில் வெள்ளைக்காரர் வரைந்தால் பாரம்பரியம். அவன் வரைந்ததை வெள்ளையடித்து மறைப்பார்கள், இதற்கு வழிகாட்டிப் பலகை வைப்பார்கள்.

லெபோ பாசார்காரன்:
வெள்ளையடிப்பதைப் பற்றி எர்னெஸ்டின் ரசிகனிடமா பேசுகிறீர்கள்? 2013ல் ஜொகூர் பாருவில் என்ன நடந்தது? லெகோ பொம்மைப் பெண் ஒருத்தி கைப்பையோடு வருகிறாள், சுவர் முனைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு லெகோ திருடன் காத்திருக்கிறான். ஊரில் வழிப்பறி இருக்கிறது என்று சொன்னதற்காக நகராண்மை அதன்மேல் வெள்ளையடித்தது. அடித்த பிறகு அதே படத்தை நாடு முழுக்க ஆட்கள் திரும்ப வரைந்தார்கள். மேம்பாலத்துப் பையனுக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கிறது.

தோட்டத்து மகன்:
யாருமே சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 2018ல் சுமத்ராவில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மரங்களை வெட்டி, மேலிருந்து பார்த்தால் எஸ்.ஓ.எஸ். என்று தெரியும்படி செய்தார் எர்னெஸ்ட். காடு போகிறது, காப்பாற்றுங்கள் என்று. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்ததைக் கண்ணால் பார்த்த குடும்பம் எங்களுடையது. அந்தப் படத்தை ஃபோனில் இன்னும் வைத்திருக்கிறேன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

செந்தூல் சிங்கம்:
தோட்டம் சுவர் ஆகாது. சுமத்ரா பினாங்கும் ஆகாது.

தோட்டத்து மகன்:
உங்களுக்கு எது தெரிந்தாலும் அதை மட்டமாக்கித்தான் பேசத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் பேச வந்தால் இந்தத் தளத்தில் எப்போதும் இதே மரியாதைதான்.

செந்தூல் சிங்கம்:
தோட்டத்தை எங்கே மட்டமாகப் பேசினேன்? என் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பேச்சு சுவரைப் பற்றியது.

பட்டர்வொர்த் மீனா:
அப்படியென்றால் தெருவெல்லாம் இருக்கும் கம்பிச் சிற்பங்களையும் சேர்க்கலாமே? 52 இருக்கிறதாம். பூனை ஓவியங்கள் வேறு 101.

லெபோ பாசார்காரன்:
மீனா, கம்பிச் சிற்பம் 2009ல் மாநில அரசு வைத்த போட்டியில் இருந்து வந்தது, அதைச் செய்தவர்கள் வேறு. பூனை வரைந்ததும் வேறு குழு. 101 என்பது அந்தத் திட்டத்தின் பெயரில் வரும் எண். நூற்றியொரு சுவர் இல்லை.

பட்டர்வொர்த் மீனா:
மறுபடியும் வாத்தியார். நான் இனி இந்த இழைக்கு வரப்போவதில்லை.

லெபோ பாசார்காரன்:
சிங்கம் அண்ணே, பினாங்கு பினாங்கு என்று வட்டம் போட்டு அதற்குள்ளேயே நிற்கிறீர்கள். 2014ல் ஈப்போவுக்குப் போய் வரைந்தார், பெரியவர் ஒருவர் காப்பிக் கோப்பையோடு இருக்கும் சுவர் அங்கே இருக்கிறது. கூச்சிங்கில் தள்ளுவண்டியோடு ஓராங் ஊத்தான். உங்கள் கேஎல்லிலேயே ஜாலான் ராஜா சூலானில் ஒரு கட்டடத்தின் பக்கவாட்டில் படகுப் பையன். இதெல்லாம் ஓயாமல் வரைந்தது இல்லாமல் வேறு என்ன?

செந்தூல் சிங்கம்:
நான் எழுதிய வரியை நீங்களே மேலே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். “பினாங்கில் வரைந்தது.” ஈப்போவும் கூச்சிங்கும் அதில் வராது. ஆறு.

சுண்ணாம்புக்காரன்:
சியூ ஜெட்டிப் படகு மங்கிவிட்டது. இருப்பதை மட்டும் எண்ணினால் ஆறுகூட வராது.

லெபோ பாசார்காரன்:
மங்கினாலும் வரைந்தது வரைந்ததுதான் ஐயா. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எண் போட்டு இங்கே ஏற்றுகிறேன். டைனோசரையும் ஏற்றுகிறேன்.

செந்தூல் சிங்கம்:
ஏற்றுங்கள். ஒரே படத்துக்குள் டைனோசரும் மோட்டார்சைக்கிளும் அடங்கினால் அது ஒன்றுதான்.

லெபோ பாசார்காரன்:
ஏழு.