மறு: பிட்யூட்டரி அறுவைக்குச் சொல்: நுண்சுரப்பிக்கட்டியா, நுண்கழலையா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சிறு சுரப்பி) அறுவைக்கு நோயாளிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இன்னும் ஒரு சொல்லிலேயே நிற்கிறோம். மூக்கின் வழியாகப் போய், 10 மில்லிமீட்டருக்கும் சிறிய, ஹார்மோன் சுரக்கிற கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சுரப்பியை விட்டுவைக்கிற அறுவை இது. 1960களில் மாண்ட்ரியலில் ஜூல் ஹார்டி நுண்ணோக்கி வைத்துச் செய்துகாட்டியதன் அருமையே அந்த 'மட்டும்'தான். ஐயா முன்மொழிந்த 'நுண்சுரப்பிக்கட்டி நீக்கம்' இடறுவது அங்கேதான். நுண் என்ற அடை சுரப்பிக்கா, கட்டிக்கா? வரைவைப் படித்த என் அத்தை, "சுரப்பியையே எடுத்துடுவாங்களா?" என்றுதான் கேட்டார். 'சுரக்கும் கட்டி' என்ற பொருளில் 'சுரகட்டி' என்றால் அது வினைத்தொகை, வல்லினம் மிகாது, எல்லாம் சரி. ஆனால் சுரம் என்றால் காய்ச்சல் என்பதால், காய்ச்சலில் வந்த கட்டி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிட்யூட்டரிக்கு யாழ்ப்பாணத் தோழி சொன்ன 'கபச்சுரப்பி' இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். ஆனால் மூளையின் சளி இதன் வழியாகத்தான் மூக்குக்கு வடிகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பியதால் வந்த லத்தீன் பெயரின் நிழல் அது. மூக்குவழி அறுவைக்குப் பக்கத்தில் கபமும் வந்தால் சளிக்கு அறுவை என்றே ஆகிவிடும்.

என் வாக்கு கழலைக்கு. கொழுப்புக்கழலை என்று ஏற்கெனவே புழங்குகிறது. கட்டி என்றால் சீழ்தான் நினைவுக்கு வரும். கழல், கழற்சி, கழங்கு எல்லாம் ஒரே வேர் என்றே எண்ணுகிறேன். சங்கப் பாட்டில் மகளிர் ஆடுவதும் முருகன் பூசாரியான வேலன் குறி பார்ப்பதும் கழங்கு என்ற அந்த உருண்டைக் காயை வைத்துத்தானே. அறுவைக் காணொளி ஒன்றில், வளையக் கரண்டியின் நுனியில் சாம்பல் வெள்ளையாக, தயிர்க்கட்டி போல அது கழன்று வந்ததைப் பார்த்ததிலிருந்து வேறு சொல் எனக்கு ஒட்டவில்லை.

மூக்கின் பின்னுள்ள ஆப்பெலும்பின் ஊடாக என்று பொருள்படும் 'ஆப்பெலும்பூடு' அகராதிக்கு இருக்கட்டும். படிவத்தில் 'மூக்குவழி நுண்கழலை நீக்கம்', அடியில் 'முழுச் சுரப்பியை எடுப்பதில்லை' என்று ஒரு வரி. நேற்று வரை ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள்.

---

ஐயாவின் பதில்:

அம்மா, கழலை என்பது தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படுவது. மண்டைக்குள் இருப்பதை யார் தொட்டுப் பார்த்தார்கள்? கழங்குக்கும் கழலைக்கும் நீங்கள் போட்ட முடிச்சையும் நான் ஏற்கவில்லை, அதைத் தனியே எழுதுகிறேன். நாள் இல்லை, படிவம் போகட்டும். கலைச்சொல் பட்டியலில் என் சொல்லையும் சேர்த்தே போடுங்கள்.