மறு: ஆர்பெஜியோவுக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமைக்கு முன் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பியானோ தொடங்கிய பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சித் தாளைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஏ மைனரில் மெதுவான ஒரு சின்ன உருப்படி. வலக்கை பாடும், இடக்கை முழுக்க ஆர்பெஜியோ, அதாவது ஒரு கோட்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டின்) சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது: சின்னவிரல் ஏ, சுட்டுவிரல் ஈ, பெருவிரல் மேல் ஏ. மணிக்கட்டு விரல்களோடு சேர்ந்து பெருவிரல் பக்கம் உருளவேண்டும், இல்லாவிட்டால் பெருவிரல் தொப்பென்று விழுந்து மேலே பாடுகிற மெட்டை மூடிவிடும். கோட் மாறும்போது பெடலையும் மாற்றவேண்டும். இவ்வளவும் தமிழில் வந்துவிட்டது, அந்த ஒரு சொல்தான் வரவில்லை. 'உடைந்த கோட்' என்று போடமுடியாது. றோயல் ஸ்கூல்ஸ் என்ற லண்டன் இசைப் பரீட்சையில் புரோக்கன் கோட் வேறு, ஆர்பெஜியோ வேறு என்றே இருந்து வந்தது.
– பியானோ ரீச்சர், வெள்ளவத்தை

ரீச்சர், விரிசுரம். ஒன்றாக அமுக்கவேண்டிய சுரங்களை விரித்து வாசிக்கிறோம், அவ்வளவுதான். கோட்டை நாண் என்று சொல்லி 'விரிநாண்' என்று போடவேண்டாம். கணித பாடம் படிக்கிற பிள்ளைக்கு நாண் என்றால் வட்டத்தின் நாண்.
– மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை

அவசரப்படவேண்டாம். ஆர்பெஜியோ என்ற சொல் இத்தாலிய 'ஆர்ப்பா'விலிருந்து வந்தது, அது நம் வில்யாழுக்கு உறவான கருவி. யாழ் மறைந்தாலும் யாழின் சொற்கள் மறையவில்லை. சிலப்பதிகாரம் கானல்வரியில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று எட்டு இசைக்கரணம், அதாவது யாழை வாசிக்கும் எட்டு முறை. உறழ்தலுக்கு உரை என்ன சொல்கிறது? ஒன்றிடையிட்டும் இரண்டிடையிட்டும் ஆராய்தல். ச-விலிருந்து ஒன்றை விட்டு க, இன்னொன்றை விட்டு ப, இரண்டை விட்டு மேல் ச. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லமுடியும்? விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். சொல்லாக்கமும் யாழும் ஒரே கையில் இருந்த மண் இது. 'உறழ்' என்றே போடுங்கள். தொல்காப்பியத்திலும் உறழ்ச்சி உண்டு. அங்கே சொற்புணர்ச்சியில் இரு வடிவும் வருவதைக் குறிக்கும், ஒன்று விட்டு ஒன்று என்ற கருத்து அதற்குள்ளும் ஓடுவதாக எனக்குப் படுகிறது. இதுபற்றித் தனியாக எழுதுகிறேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

ஐயா, அருமையான இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் ரீச்சரின் உருப்படியைப் பாருங்கள். ஏ-யிலிருந்து ஈ-க்குப் போகையில் நடுவில் பி, சி, டி என்று மூன்று சுரம். உரை இரண்டோடு நிற்கிறது. தாண்டித் தாண்டிப் போவதுதான் விஷயம் என்றால் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியில் தாட்டு வரிசை என்று நாம் தினமும் படிப்பிக்கிறோமே! அப்புறம், தாட்டுக்குப் பின்னால் கோட் கிடையாது என்று நானே சொல்லிவிடுகிறேன். அங்கே இராகம் மட்டும்தான்.
– வீணை படிப்பிப்பவர், பம்பலப்பிட்டி

மூன்று இடையிட்டால் என்ன? உரை வழிகாட்டும், வேலி போடாது.
– கொட்டாஞ்சேனை

ஐயாமேல் மரியாதையோடு ஒன்று. பத்து வயதுப் பிள்ளை 'உறழ்' என்று தாளில் கண்டால் கையை எடுத்துவிடும். முதலில் ழ-வைச் சொல்லப் பழக்கி, பிறகு ற-வையும் ழ-வையும் அடுத்தடுத்துச் சொல்லப் பழக்கி, அதன்பிறகுதான் பியானோ. பியானோவைப் பியானோ என்றே எழுதுகிறோம். தெரியாத தமிழ்ச் சொல்லும் பிள்ளைக்கு அந்நியச் சொல்தான். விரிசுரம் கேட்டவுடன் விளங்கும்.
– தெஹிவளை

விளங்குவதை மட்டும் பார்த்தால் ஒரு மொழியில் புதிதாக எதுவும் சேராது. பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் ஒளித்தொகுப்பு என்ற சொல்லைப் படிக்கவில்லையா? பரீட்சையிலும் எழுதுகிறார்கள்.
– கொட்டாஞ்சேனை

எனக்கும் விரிசுரம்தான். ஆனால் புரோக்கன் கோட்டும் விரிவதுதானே? அதற்கு என்ன போடுவது?
– பம்பலப்பிட்டி

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தில் இனிப் பொறுக்கமாட்டார்கள். தாளில் விரிசுரம் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ஆர்பெஜியோ என்றும் எழுதுகிறேன். புரோக்கன் கோட் சி-ஈ-ஜி, ஈ-ஜி-சி என்று மடங்கி மடங்கி ஏறுவது, அதற்கு 'மடக்குச்சுரம்' போடலாமா? இந்தத் தாளில் அது வராது, ஆறுதலாகப் பேசலாம். ஐயா, உறழ்தல் பற்றிய நான்கு வரியைப் பெற்றோருக்கான பக்கத்தில் சேர்க்கிறேன்.
– வெள்ளவத்தை

சேருங்கள் ரீச்சர். என் கருத்தில் மாற்றமில்லை. மடக்கு என்பது செய்யுளில் யமகம், வந்த சொல்லே திரும்ப வந்து வேறு பொருள் தரும் அணி, அதையும் யோசியுங்கள்.
– கொட்டாஞ்சேனை