விளக்கு எரிந்த பிறகு, பக்கத்து இருக்கையில்

கடைசி வரிசை எழுதுகிறார்:

சமூகப் பிரச்சினைகளைச் சொல்லும் படங்களில் எது நல்ல படம், எது பிரச்சாரம் என்று புனைபெயர்களில் எழுதும் நாம் இந்த மன்றத்தில் நிறையப் பேசிவிட்டோம். நான் கேட்க நினைப்பது வேறு. படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அதுவரை திரையில் பார்த்த பிரச்சினை உங்கள் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்ததுண்டா? எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன்.

எங்கள் திரைப்படச் சங்கத்தில் 'தொகானி' என்ற கொரியப் படத்தைத் திரையிட்டோம். 'சைலன்ஸ்டு' என்ற ஆங்கிலப் பெயரில் பலர் அறிந்திருப்பீர்கள். தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் உண்மையாகவே நடந்த பாலியல் கொடுமைகள்தான் கதை. கோங் ஜி-யங் 2009இல் நாவலாக எழுதினார். 2011 செப்டம்பரில் ஹ்வாங் டோங்-ஹ்யுக் இயக்கத்தில் படம் வந்தது. அடுத்த மாதமே கொரிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள், மாற்றுத்திறனாளிப் பெண்கள் ஆகியோருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு வழக்குத் தொடர இருந்த காலவரம்பு நீக்கப்பட்டது. மக்கள் அதைத் 'தொகானி சட்டம்' என்றே அழைக்கிறார்கள். ஒரு படத்தால் இது முடியும் என்பதைச் சொல்லத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

படத்துக்குப் பிறகு நாற்பது நிமிடம் கலந்துரையாடினோம். நெகிழ்ந்து பேசினோம், கோபமாகப் பேசினோம். புதிதாக வந்திருந்த ஒரு பெண் மட்டும் எதுவும் சொல்லாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கூட்டம் கலைந்த பின் அருகில் போய், "படம் மிகவும் பாதித்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை அசைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்தார்.

காது கேளாத குழந்தைகளின் உரிமையைப் பற்றி நாங்கள் பேசிய அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு சொல்லும் அவரைப் போய்ச் சேரவில்லை.

நான் என் கேள்வியைத் தட்டச்சு செய்து காட்டினேன். அவர் எழுதிய பதில் இன்றும் என்னிடம் இருக்கிறது: "கதைக்காகவும் அழுதேன். ஆனால் அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்த அதே நொடியில் நானும் பிடித்தேன். அது எனக்குப் புதிது." எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே தொடர்ந்து எழுதினார்: "வெளிநாட்டுப் படத்துக்குச் சப்டைட்டில் போடுகிறீர்கள். நம் மொழிப் படத்துக்குப் போடுவதில்லை. அதனால் கொரியப் படம் எனக்குப் புரிகிறது. என் தாய்மொழிப் படம் புரிவதில்லை."

பதினோரு ஆண்டுகளாகப் படம் திரையிடுகிறேன். இந்த எண்ணம் ஒருநாளும் எனக்கு வந்ததில்லை.

நெடுவழி எழுதுகிறார்:

நான் கைதட்டியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதாநாயகன் போலீஸ் அதிகாரி. நீதிமன்றம் தாமதிக்கிறது என்று சொல்லிவிட்டு, பிடிபட்டவனைச் சாலையோரத்தில் நிறுத்திச் சுடுகிறான். அரங்கமே எழுந்து நின்றது, நானும் நின்றேன். என்னோடு ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர் பக்கத்தில் இருந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் அழுத்தி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்த பிறகு சொன்னார்: "என் அண்ணனை வண்டியில் ஏற்றிய அன்றைக்கும் எங்கள் தெருவில் இப்படித்தான் தட்டினார்கள்." உண்மையான குற்றவாளி நான்கு மாதம் கழித்து வேறு ஒரு வழக்கில் சிக்கினானாம். அண்ணன் வீடு திரும்பினார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஆறு ஆண்டுகளில் நண்பர் இதை ஒருமுறையும் சொன்னதில்லை. சொல்லும்படியான ஆளாக நான் இருந்ததில்லை என்பதுதான் அதன் பொருள்.

பிறகு ஒருநாள் அவரே எர்ரல் மோரிஸ் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்' என்ற 1988ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பார்க்கச் சொன்னார். அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்ட வழக்கு. ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1979இல், நாள் குறித்த பிறகு, மூன்றே நாள் மிச்சமிருந்தபோது உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தண்டனையை நிறுத்திவைத்தார். பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. படம் வழக்கைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1989இல், 12 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தவர் வெளியே வந்தார்.

அந்தப் படத்தில் கொலை நடந்த இரவு திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொருவர் சொன்னபடியும் ஒரு தடவை. முதல் ஆள் சொன்னதை நம்பினேன். அடுத்த ஆள் வந்து வேறு மாதிரி சொன்னதும் அதையும் நம்பினேன். எவ்வளவு சுலபமாக நம்புகிறேன் என்று பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் அத்தகைய காட்சிகள் வருகின்றன, அரங்கமும் தட்டுகிறது. நான் தட்டுவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கிறேன்.

ஈரநிலம் எழுதுகிறார்:

சின்ன விஷயம்தான். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021இல் வந்தபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பெண்ணின் உழைப்பு கண்ணில் படாமலே போவதைப் பற்றிய படம். அம்மா நடுவில் மூன்று தடவை அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். கடைசியாகப் போனவர் திரும்பி வந்தபோது படம் முடியும் நேரம். "என்ன ஆயிற்று?" என்று கேட்டார். எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் படத்தை நிறுத்தி வைக்கவில்லை. ரிமோட் என் மடியில்தான் இருந்தது.

நான்காம் மணி எழுதுகிறார்:

படம் மனிதரை மாற்றும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எந்தப் பக்கமாக மாற்றும் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' 1915இல் வந்தது. கறுப்பின மக்களைக் கொடியவர்களாகவும், அவர்களை வேட்டையாடிய கூட்டத்தை வீரர்களாகவும் காட்டியது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே அடங்கிப்போயிருந்த அந்தக் கூட்டம், கு க்ளக்ஸ் க்ளான், அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில் மீண்டும் தொடங்கப்பட்டது. அதன் பிறகும் ஆள் சேர்ப்பதற்கு அவர்கள் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். படம் தடுமாறி எடுக்கப்பட்டிருந்தால் இவ்வளவு சேதம் நேர்ந்திருக்காது. அதன் தொழில்நுட்பத்தை உலகமே பாராட்டியது.

என் சமூகத்தாரை அப்படிக் காட்டிய ஒரு படம் சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. பெயர் வேண்டாம். மறுநாள் அலுவலகத்தில், தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுபவர் கேட்டார்: "உங்கள் ஆட்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், இல்லையா?" அவர் அன்பாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்று முதல் அந்த மேசையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

நெடுவழி எழுதுகிறார்:

நான்காம் மணி ஐயா, அந்த மேசையில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

நான்காம் மணி எழுதுகிறார்:

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண், பத்து நாள் கழித்து அவரும் தன் நேரத்தை மாற்றிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். படத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. இன்றுவரை அங்கேதான் சாப்பிடுகிறார்.

கடைசி வரிசை எழுதுகிறார்:

எங்கள் திரையிடலுக்கு வந்த, காது கேளாத அந்தப் பெண் மறுபடி வந்தாரா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். உடனே வரவில்லை. அழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. நம் மொழியில் ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை எடுத்துக்கொண்டு, நாங்கள் நான்கு பேர் வசனத்தை ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினோம். கதவு தட்டும் ஓசை, வெளியே கேட்கும் பாட்டு, யார் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையெல்லாம் எழுத வேண்டும் என்று அவரே செய்தி அனுப்பிச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வாரம் ஆயிற்று. கலந்துரையாடலுக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவரையும் ஏற்பாடு செய்தோம்.

அவர் தன் நண்பர்கள் ஆறு பேரோடு வந்தார். நாங்கள் நேரக் கணக்கில் சிறு பிழை செய்திருந்தோம். வரிகள் குரலுக்கு ஒரு நொடி முன்பாகவே திரையில் வந்துவிட்டன. அதனால் அன்று முழுவதும் ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் ஏழு பேரும்தான் முதலில் சிரித்தார்கள்.