வெட் (மிருக வைத்தியம்) படிச்ச ஆக்கள், அனட்டமி லாப் (மிருக உடலை வெட்டிப் படிக்கிற இடம்) கதையள் இருந்தா சொல்லுங்கோ

வெள்ளவத்தை வெட்:
இலங்கையில வெட் டிகிரி எண்டா பேராதனை ஒண்டுதானே, அதால கொழும்புப் பிள்ளையள் நாங்களும் கோட்டையில ரயில் ஏறித்தான் போகோணும். லாப்புக்குள்ள கால் வைச்ச உடனே, உடல் பழுதாகாமல் வைக்கிற ஃபோமலின் மருந்து மணம், கண் எரியும், மூக்கால தண்ணி ஓடும், ஆனா வெளிய வந்தா கொலைப்பசி, அது ஏனெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல.

நாங்கள் முதல்ல வெட்டினது நாய். தோள்பக்கத் தோலை உரிச்சு தசை தசையா பிரிச்சுக்கொண்டு போறம், எலும்பு மூட்டு ஒண்டு வரும் வரும் எண்டு பாக்கிறன், வரவே இல்லை! முன்னங்கால் உடம்போட எலும்பால சேரேல்ல. எங்களுக்கு காறையெலும்பு இருக்கு, நாய்க்கு அது பேருக்கு ஒரு துணுக்கு, ஆடு மாடு குதிரைக்கு அதுவும் இல்லை. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில நெஞ்சுக்கூடு வெறும் தசையில தொங்குது, ஏணைக்குள்ள பிள்ளை கிடக்கிற மாதிரி. நாய் பாய்ஞ்சு விழேக்க அந்த அடியை வாங்கிறது அந்தத் தசைதான்.

லீவுக்கு வீட்ட வந்து மாமாவோட மார்க்கட்டுக்கு இறைச்சி வாங்கப் போனன் (அம்மா சுத்த சைவம், மாமா அப்பிடியில்லை). இறைச்சிக்கடை நானா ஆட்டின்ர முன்னங்காலைத் தூக்கிப் பிடிச்சு, கமக்கட்டுப் பக்கமா கத்தியை ஒரு இழுவை, பிறகு மேலால ஒரு இழுவை, முழுத்தோளும் கையோட வந்திட்டுது. வெட்டுக்கத்தியைத் தொடவே இல்லை. எப்பிடி நானா எண்டு கேட்டன். "அதுல எலும்பு ஒண்டும் இல்ல மகள், கத்தி சும்மா ஓடும்" எண்டார். செரேட்டஸ் வென்ட்ராலிஸ், ரொம்பொயிடியஸ் எண்டு அந்தத் தோள் தசையளின்ர பேரை நான் ராத்திரி ராத்திரியா பாடமாக்கினதை மனுசன் ரெண்டு இழுவையில முடிச்சிட்டார். பின்னங்காலுக்கு வரேக்க மட்டும் நிதானம், ஏனெண்டா அங்க பந்துக்கிண்ண மூட்டு, உள்ளுக்க ஒரு சின்ன லிகமெண்ட் (எலும்புகளை இணைக்கிற நார்) பிடிச்சு வைச்சிருக்கும், காலைத் திருப்பி மூட்டைத் திறந்து அதைத்தான் முதல்ல அறுத்தார். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளையளை ஒரு கிழமை அவரிட்ட விட்டா நல்லது எண்டு நான் சும்மா பகிடிக்குச் சொல்லேல்ல.

உங்கட கதை என்ன?

ஹட்டன் பையன்:
அக்கா, நம்ம ஊரு ஹட்டன், இப்ப தெஹிவளையில ஒரு கிளினிக்ல இருக்கேன். எனக்கு லாப் பரவால்ல, ஸ்பொட் டெஸ்ட்தான் எமன். மேசைக்கு மேசை எலும்பு வச்சிருப்பாங்க, மணி அடிச்சா நகரணும், என்னா மிருகம், எடமா வலமானு எழுதணும். ஒருநாள் ஒரு சின்ன மேற்கை எலும்பு. பூனையா சின்ன சாதி நாயானு பாத்தா சைஸ வச்சு கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா முழங்கை மூட்டுக்கு மேல உள்பக்கமா ஒரு ஓட்டை இருந்தா அது பூனை, அதுக்குள்ளதான் ரத்தக்குழாயும் நரம்பும் போகும். நாய்க்கு ஓட்டை மூட்டுக்கு நேர் மேல நடுவுல, அது வழியா ஒண்ணுமே போறதில்ல. வெறும் ஓட்டை! இப்ப பூனைக்கு அந்த இடத்துல எலும்பு முறிஞ்சு வந்தா எக்ஸ்ரே பாக்கிறப்பவே அந்த நரம்பு ஞாபகம் வந்துரும், எலும்பைச் சேக்க கம்பி அடிக்கிறப்ப அதுல படாம பாக்கணும்ல.

மாட்டு டொக்டர்:
தங்கச்சி, நீங்கள் எல்லாம் நாய் பூனை ஆக்கள். வத்தளைப் பக்கம் ஒரு வீட்டில மாடு சாப்பிடேல்ல எண்டு கூப்பிட்டினம். போய்ப் பாத்தா முன்னங்கால் முழங்கை ரெண்டையும் வெளிய விரிச்சுக்கொண்டு நிக்குது, முதுகு வளைஞ்சிருக்கு, முதுகை அமத்தினா முனகுது, சரிவில இறங்க மாட்டன் எண்டுது. மாடு மென்று பாத்துத் தின்னிற சாதியில்லையே, புல்லோட ஆணி கம்பி என்ன இருந்தாலும் விழுங்கும். விழுங்கினது போய் நிக்கிறது ரெட்டிகுலத்தில, அது மாட்டின்ர வயித்து அறையளில ஒண்டு. அதுக்கும் இதயத்துக்கும் நடுவில பிரிமென்றகடும் இதயத்தைச் சுத்தின உறையும் மட்டும்தான், கம்பி முன்னுக்குக் குத்தினா கதை முடிஞ்சுது.

இடப்பக்க விலாவுக்குப் பின்னால திறந்தன். வயித்தின்ர பெரிய அறை ரூமன் முழுக்க இடப்பக்கம்தானே, பெரிய மாட்டில 100 லீட்டருக்கு மேல கொள்ளும். தோள்மூட்டு வரைக்கும் கையை விட்டு, அரைச்ச புல்லுக்குள்ளால முன்னுக்கும் கீழுக்குமா போனா, விரல் நுனியில கட்டம் கட்டமா ஒரு சவ்வு தட்டுப்படும். அதுதான் ரெட்டிகுலம், வேற எங்கயும் அப்பிடி இராது. ஒவ்வொரு கட்டமா தடவிக்கொண்டு போனன், கடைசியில ஊசி மாதிரி ஒண்டு விரலில குத்திச்சு. இழுத்தெடுத்தா பழைய டயர்க் கம்பி! பக்கத்து வீட்டுக்காரர் டயர் எரிச்ச இடத்திலதான் மாடு மேய்ஞ்சதாம். வீட்டுக்கார அம்மா அந்தக் கம்பியைக் கழுவி ஒரு போத்தலில போட்டு வைச்சிருக்கிறா.

பயோ பிள்ளை:
அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம், நான் இப்ப ஏ.எல். பயோ, வெட் செய்யத்தான் ஆசை, ஆனா எங்கட வீட்டில மீன் கூட இல்லை, இறந்த மிருகத்தைத் தொடுறது எண்டா அம்மம்மா சண்டை பிடிக்கிறா. உங்கட வீட்டில எப்பிடிச் சமாளிச்சீங்கள்?

வெள்ளவத்தை வெட்:
எங்கட அம்மா கதவடியிலேயே மறிச்சிடுவா, நேரா பாத்ரூம், தலை முழுகின பிறகுதான் குசினி. மூண்டாம் வருசம் வீட்டுப் பூனைக்கு மூத்திரம் அடைச்சு நான் பிடிச்சுச் சொன்ன அண்டையில இருந்து ஒரு கதையும் இல்லை. லாப் கோட் ரெண்டு வாங்கு, ஃபோமலின் பட்டதை வீட்ட கொண்டு வராத. கொன்டாக்ட் லென்ஸ் போட்டா லாப்புக்குப் போடாத, கண்ணாடி போடு. எலும்பைப் படத்தில பாத்துப் படிக்காத, ஹோஸ்டலில எலும்புப் பெட்டி வைச்சிருக்கிற சீனியர் ஆரையாவது பிடி, கையில உருட்டி உருட்டிப் படிச்சாத்தான் இடம் வலம் நிக்கும். அம்மம்மாவுக்கு இப்பவே ஒண்டும் சொல்லாத, முதல்ல கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் வரட்டும்.