குவைத் புழுதி: அண்ணனுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

குவைத்தில் இருக்கிற, இருந்த உறவுகளுக்கு வணக்கம். என் அண்ணன் அங்கே கட்டட வேலையில் மேற்பார்வையாளர். வயது 52. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், வீசிங் வேறு. ஷமால் என்கிற வடமேற்குப் புழுதிக்காற்று கிளம்பினால், ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு செருகியும் காலையில் தலையணை உறை பழுப்பாகிவிடுகிறதாம். 2022 மே மாதம் விமானங்களையே நிறுத்திவைத்த புழுதி அல்லவா!

"மண்தானே, துப்பினால் போய்விடும்" என்கிறார். பெருமணல் மூக்கோடு நின்றுவிடும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கி, அழற்சியைக் கிளப்பி, இதயத்தையும் பதம் பார்க்கும். சொன்னால் சிரிக்கிறார். நெஞ்சு இறுகினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

45 டிகிரி வெயிலில் என்95 முகக்கவசத்தை எவ்வளவு நேரம் போட்டிருக்க முடிகிறது? வால்வு வைத்தது தேவலையா? ஜன்னல் ஏசி அறைக்கு ஹெப்பா வடிகட்டி (நுண்தூளையும் பிடிப்பது) உள்ள ஏர் பியூரிஃபையர் பயன்பட்டதா? மருத்துவர் கடிதம் கொடுத்து, புழுதி நாட்களில் உள்வேலை வாங்கியவர்கள் உண்டா?

"ஊருக்கு வரச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். மகளுக்கு இன்னும் இரண்டு வருடக் கல்லூரிக் கட்டணம் பாக்கி.