ஃபிளாட் போட்டதும் மூலைகள் வெளுத்துவிடுகின்றன, எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது 6 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி), கேனான் 700டி கேமரா. போன வாரம் ஜவ்வாது மலையில் ஓரியன் நெபுலாவை ஐஎஸ்ஓ 800-இல், 60 விநாடி வீதம் 70 படம் எடுத்தேன். நான்கு மூலையும் இருட்டு. அதனால் விடிந்ததும் கேமராவைக் கழற்றாமல், ஃபோகஸையும் தொடாமல், குழாய் வாயில் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி 30 ஃபிளாட் (மூலை இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுத்தேன். சிரில் என்ற வான்பட மென்பொருளில் சேர்த்தால் மூலைகள் நடுவைவிட வெளுக்கின்றன. தூசியின் கருவளையங்களும் வெள்ளை வளையங்களாகிவிட்டன. டார்க் (மூடி போட்டு அதே 60 விநாடி எடுப்பது), பயாஸ் (மூடி போட்டு மிகக் குறைந்த நேரம் எடுப்பது) எடுக்கவில்லை. ஃபிளாட்டில் வெளிச்சம் அதிகமோ?

பதில் 1:
ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டவில்லையே? பாதிக்குள் இருந்தால் வெளிச்சம் பிரச்சினை இல்லை. வளையங்கள் ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் வெள்ளை என்று புடைத்துத் தெரிகின்றனவா?

கேட்டவர்:
முட்டவில்லை, மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. வளையம் முழுக்க ஒரே வெள்ளை, அதே இடத்தில்.

பதில் 2:
அப்படியானால் தூசியோ கேமராவோ நகரவில்லை (நகர்ந்தால்தான் வளையம் புடைத்துத் தெரியும்), உங்கள் ஃபிளாட் நல்ல ஃபிளாட். குறை பயாஸில். இந்தக் கேமரா வெளிச்சமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிக்சலிலும் சுமார் 2048 என்ற எண்ணைச் சேர்த்தே எழுதும். அதைக் கழிக்காமல் படத்தை ஃபிளாட்டால் வகுத்தால் கணக்கு கெட்டுவிடும்.

உங்கள் படத்தில் நடுவானம் 2600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையான வெளிச்சம் 552தான். மூலைக்கு 70 சதவீதம் வந்தால் 386, பயாஸோடு 2434. ஃபிளாட்டின் நடு 8000 என்றால் மூலை சுமார் 6214, அதாவது 0.78 பங்கு. 2434-ஐ 0.78-ஆல் வகுத்தால் 3100-க்கு மேல் போகிறது, நடுவோ 2600! பயாஸைக் கழித்துவிட்டு 386-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள், 551. நடுவோடு ஒட்டிவிடும்.

மலைக்குத் திரும்பப் போக வேண்டாம். வீட்டிலேயே மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில் 1/4000 விநாடியில் 50 படம் எடுங்கள். அந்த பயாஸை லைட் (நெபுலாவை எடுத்த படங்கள்), ஃபிளாட் இரண்டிலிருந்தும் கழிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கழித்தால் வேறு விதமாகக் கெடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா! மூலைகள் சமமாகிவிட்டன, வளையங்களும் போய்விட்டன. படத்தின் கீழ்ப்பக்கம் மட்டும் லேசான செம்மஞ்சள் ஏற்றம் தெரிகிறது. இதுவும் ஃபிளாட் குறையா?

பதில் 2:
இல்லை, அது ஊர் விளக்கின் வெளிச்சம். வானத்தோடு கூடி வருவது, ஆகவே வகுக்கக் கூடாது, கழிக்க வேண்டும். சிரிலில் பின்னணி நீக்கத்தை ஓட்டுங்கள், நெபுலாவின் மேல் மட்டும் பின்னணியை அளக்கும் மாதிரிப் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.