ஷ்ரேயஸ் ஐயரின் தோள்: பதினாறே நாளில் அறுவை சிகிச்சை தேவைதானா?

கவர்டிரைவ் குமார்:
2021 மார்ச் 23, புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. பேர்ஸ்டோ அடித்த பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்ததில் ஐயருக்கு இடது தோள் மூட்டு பாதி விலகியது. ஏப்ரல் 8 அறுவை சிகிச்சை, மறுநாள் ஐபிஎல் ஆரம்பம். முந்தைய சீசனில்தான் டெல்லியை முதன்முறையாக இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். கேப்டன் பதவி ரிஷப் பந்திடம் போனது, செப்டம்பரில் ஐயர் திரும்பி வந்தும் கிடைக்கவில்லை. டி20 உலகக் கோப்பைக்கு ரிசர்வ் பட்டியலில்தான் இடம். இத்தனைக்கும் மூட்டு முழுசாகக் கழலவில்லை, பந்து எறிவதும் வலது கையால். ஒரு சில மாதம் பிசியோவில் பார்த்துவிட்டு முடிவு செய்திருக்கலாம்.

பிசியோ நிலா:
எறிகிற கை இல்லைதான். ஆனால் வலதுகை ஆட்டக்காரர் டிரைவ் ஆடும்போது பந்தை நோக்கி முன்னால் போவது இடது தோள், மட்டையில் மேலே பிடிக்கிற கையும் அதுதான். அப்புறம் பாதி விலகல் என்றால் லேசானது என்று அர்த்தமில்லை. மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் லேப்ரம் என்று ஒரு வளையம் இருக்கிறது, அது பிய்ந்துவிட்டால் எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் சுற்றியுள்ள தசைதான் பலப்படும், பிய்ந்த இடம் தைபடாது. ஐயருக்கு அப்போது 26 வயது. அந்த வயதில், தினமும் தரையில் பாய்ந்து விழுகிறவருக்கு மூட்டு திரும்ப நழுவும் ஆபத்து அதிகம்.

வேலூர் கீப்பர்:
குமார், நான் சென்னை லீக்கில் ஆடியவன். நீங்கள் சொல்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் நழுவியது டைவ் அடித்தபோது, சீசன் முடியட்டும் என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை நழுவியது மைதானத்தில் இல்லை, வீட்டில் சட்டை மாட்டும்போது. அதற்குள் கிண்ணத்தின் எலும்பு தேய்ந்துவிட்டது, சின்னத் துளை போட்டுத் தைத்தால் போதாது என்று பக்கத்து எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துத் திருகாணி போட்டார்கள். அதோடு கீப்பிங் போச்சு.

கவர்டிரைவ் குமார்:
உங்கள் கஷ்டம் புரிகிறது அண்ணா. ஆனால் இந்திய டெஸ்ட் விக்கெட் கீப்பராக இருந்த சாஹாவைப் பாருங்கள். 2018-ல் மான்செஸ்டரில் தோளுக்கு அறுவை சிகிச்சை, அதே ஆண்டு டெஸ்ட் அணிக்குள் பந்த் வந்துவிட்டார். சாஹா மறுபடி டெஸ்ட் ஆடியது 2019 அக்டோபரில். இடம் யாருக்காகவும் காத்திருக்காது.

பிசியோ நிலா:
சாஹா கதை நான் சொல்வதற்குத்தான் சாட்சி! முதலில் ஊசி, ஓய்வு, பயிற்சி என்று பார்த்தார்கள், மாதங்கள் போன பிறகு கடைசியில் அறுவை சிகிச்சைதான் ஆனது. ஐயர் முதலிலேயே செய்துகொண்டதால் செப்டம்பரில் துபாயில் இறங்கி ஹைதராபாத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 47 எடுத்தார், நவம்பரில் கான்பூரில் முதல் டெஸ்டிலேயே 105-உம் 65-உம். தள்ளிப்போட்டிருந்தால் அந்த நவம்பரில் எங்கே இருந்திருப்பார்?

கவர்டிரைவ் குமார்:
சரி, அவர் வாரிய ஒப்பந்தத்தில் இருப்பவர், செலவைப் பார்க்க ஆள் உண்டு. நான் இவ்வளவு வாதாடுவது என் தம்பிக்காக. இரண்டாவது டிவிஷனில் ஆடுகிறான், வேகப்பந்து, வலது தோள். டாக்டர் ஆபரேஷன் என்கிறார், ஐந்தாறு மாதம் போய்விடும். அவன் இந்த சீசனை விட்டால் கிளப் வேறு பையனை எடுத்துவிடும், அம்மா ஒரு பக்கம் கத்தி வைக்கவே வேண்டாம் என்கிறார்.

பிசியோ நிலா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. எத்தனை முறை நழுவியிருக்கிறது? எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? எலும்பு தேய்மானம் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? முதல் முறைதான், கிழிசலும் பெரிதில்லை என்றால் தோள்பட்டை தசைகளுக்கான பயிற்சியை ஒழுங்காகச் செய்துபார்க்க இடமிருக்கிறது, அதை நான் மறுக்கவே இல்லை.

கவர்டிரைவ் குமார்:
இரண்டு முறை. முதல் முறை எங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். எம்ஆர்ஐ வெள்ளிக்கிழமை.

வேலூர் கீப்பர்:
தம்பி, அதுவரைக்கும் அவனைப் பந்து போட விடாதீர்கள். வலைப்பயிற்சியில்கூட வேண்டாம்.